நரியும் சிங்கமும் முதல் ஷிப்டுக்குப் போன மார்கழி

ஈர மணலின் குளிர் முதலில் தொடையில் ஏறும், பிறகு இடுப்புக்கு வரும், விளக்கை அணைத்துப் படம் தொடங்குவதற்குள் முதுகெல்லாம் பரவிவிடும். எங்கள் ஊர் ‘டென்ட் கொட்டா’யில் தரை டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்த மணல்தான் ஆசனம். பெண்கள் பக்கத்தையும் ஆண்கள் பக்கத்தையும் பிரிக்கிற இடுப்புயரச் சுவரைத் தாண்டிப் பீடிப் புகை வரும். கீற்றுக் கூரையின் இடுக்குகள் வழியாக மார்கழிப் பனி இறங்கும். இரண்டும் கலந்து, இயந்திர அறையிலிருந்து திரைக்குப் போகும் வெளிச்சத்துக்குள் மெல்லப் புரண்டுகொண்டிருக்கும். அன்று திரையிலும் பனிதான் ஓடியது. எது கொட்டாயின் பனி, எது படத்தின் பனி என்று பிரித்துப் பார்க்க முடியாமல், அத்தையின் முந்தானைக்குள் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, மறைக்காத கண்ணால் நான் பார்த்த அந்தப் படத்தைப் பற்றியும், அது எங்கள் தெருவில் செய்துவிட்டுப் போன வேலையைப் பற்றியும் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது எங்கள் தெரு. தாத்தா காலம் வரை எல்லோரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக இரும்பு ஆலைகளில் சுமை ஏற்றப் போனார்கள். என் அப்பாவும் அப்படிப் போனவர்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை ‘நைனா’ என்று கூப்பிடுவோம். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மின்விசிறிக்குச் செம்புக் கம்பிக் ‘காயில்’ சுற்றுகிற ஒரு கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்தது. எங்கள் தெருவிலிருந்து பத்துப் பெண்கள் ‘ட்ரெய்னி’யாகச் சேர்ந்தார்கள். அவர்களில் முதலில் பெயர் கொடுத்தவள் சரோஜா அத்தை, நைனாவின் தங்கை.

நைனாவுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பெரியபாளையத்தில் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பதை அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அத்தையோ, ‘பர்மனன்ட்’ ஆகாமல் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்றாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் அம்மா ஒரு ஏற்பாடு செய்துவைத்தாள். தை பிறக்கும்வரை அத்தை வேலைக்குப் போகலாம். அதுவரை அந்த வேலையில் ஒரு தடங்கலும் வரக் கூடாது. வந்தால் நைனா சொல்கிறபடி, வராவிட்டால் அத்தை சொல்கிறபடி. அத்தை உடனே தலையாட்டினாள். அவளுடைய மீதி வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்பது அந்த ஒரு மார்கழி மாதத்தைப் பொறுத்திருந்தது. அது எனக்கே அப்போது புரிந்திருந்தது.

முதல் ஷிப்டு விடியும் நேரத்தில் தொடங்கும். கம்பெனி வேன் தெருவுக்குள் வராது. ஏரிக்கரை மேல் நடந்து, சவுக்குத் தோப்பைக் கடந்து, ரோட்டுத் திருப்பத்தில் போய் நிற்க வேண்டும். பாதிப் பேராவது நின்றால்தான் எங்கள் திருப்பத்துக்கு வேன் வரும் என்பது கம்பெனியில் சொல்லிவைத்திருந்த விதி. அந்த இருட்டில் வேறு பஸ்ஸும் கிடையாது. ஆகவே எல்லோரும் எழுந்தாக வேண்டும், எல்லோரும் சேர்ந்து போயாக வேண்டும். அலாரம் வைத்த கடிகாரம் எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. மற்றவர்களை எழுப்புவதற்கு அவர்களே ஒரு முறை வைத்திருந்தார்கள். அதற்குக் ‘கூப்பாடு’ என்று பெயர். அத்தை வாசலில் நின்று, இரண்டு வீடு தள்ளியிருக்கும் தனத்தை “தனோ...ய்!” என்று கூப்பிடுவாள். “ஓய்! எழுந்துட்டேங்க்கா, வந்துக்கினே கீறேன்!” என்று உள்ளேயிருந்து பதில் வரும். தனம் அடுத்த வீட்டு மேரியைக் கூப்பிடுவாள், மேரி அதற்கடுத்தவளை. இப்படிப் பெயர்கள் வீட்டுக்கு வீடு தாவிப் போய், ஏரியோரத்துக் கடைசி வீட்டைத் தொடும்போது தெரு முழுவதும் அடுப்பு எரிய ஆரம்பித்திருக்கும்.

இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கண்டிப்பு. “மூணு தபா கூப்புட்டாத்தான் மனுசன். பேய் ரெண்டு தபாவுக்கு மேல கூப்புடாது” என்பார்கள். அதனால் கூப்பாட்டிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. அத்தை மூன்று முறை கூப்பிடுவாள். தனம் விழித்துக்கொண்டே படுத்திருந்தாலும் மூன்றாவது முறைக்குத்தான் வாயைத் திறப்பாள். யாரும் இதைப் பயம் என்று நினைக்கவில்லை. வாசலில் தண்ணீர் தெளிப்பது போல அதுவும் ஒரு பழக்கம்.

அந்த ஒழுங்கில்தான் படம் வந்து கை வைத்தது.

படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் போடுகிற பகுதி பல ஊர் ஓடி அறுந்துபோயிருந்தது. கொட்டாய் வாசலில் ஒட்டிய போஸ்டரின் மேல்பாதியை ஆடு தின்றுவிட்டிருந்தது. ஊரில் அதை ‘மிருகப் படம்’ என்றார்கள். வேறு ஏதோ மொழியில் எடுத்துத் தமிழில் பேசவைத்த படம் அது. ஆட்கள் வாயை மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கும். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரு மலைத்தோட்டம், வரிசையாகத் தகரக் கூரை வீடுகள், சாயங்காலமானால் இறங்குகிற பனி. பனிக்குள்ளிருந்து ஒரு குரல் யாராவது ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் சொன்னவர் மறுநாள் இருக்க மாட்டார். அவர் வீட்டு வாசலில் புதிதாக ஒரு மிருகம் நிற்கும். மனிதர் மிருகமாக மாறுவதை அந்தப் படம் ஒரு முறைகூடக் காட்டவில்லை. கதவைக் காட்டும். கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியில் இரண்டு பாதங்களைக் காட்டும். விளக்கு நடுங்கும். மறுபடி காட்டும்போது அங்கே குளம்புகள் இருக்கும். அந்தக் குளம்புகள் கதவை மெதுவாகத் தட்டும். அவ்வளவுதான். மீதியை நாங்களே செய்துகொண்டோம்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். கணவன் காணாமல் போன மறுநாள், வாசலில் நிற்கும் வெள்ளாட்டுக்கு அந்தப் பெண் தழை ஒடித்துப் போடுகிறாள். ஆடு தழையைத் தொடவில்லை. அவள் தோளுக்கு மேலாக, உள்ளே அடுப்பின் மேலிருக்கும் சோற்றுப் பானையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் கொட்டாயில் முறுக்கு விற்பவர்கூடக் கூடையை மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேரி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்தது. பிறகு ஒரு சிறுமியை அந்தக் குரல் அவளுடைய அம்மாவின் குரலிலேயே கூப்பிட்டது. ஒரு முறை. இரண்டு முறை. சிறுமி காத்திருக்கிறாள், நாங்களும் காத்திருக்கிறோம். மூன்றாவது முறையும் கூப்பிட்டது. “வரேம்மா” என்று அவள் எழுந்தாள்.

பெண்கள் பக்கம் முழுவதும் ‘ஐயோ’ என்றது. மூன்று முறை கூப்பிட்டால் மனிதன் என்ற ஒன்றை நம்பித்தான் எங்கள் தெரு இருட்டில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கதாநாயகன் கடைசியில் காளையாகி ஒரு முளையில் கட்டிக் கிடந்ததோடு படம் முடிந்துவிட்டது. திரும்பி நடக்கும்போது யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தனம் பின்தங்கிவிட்ட தன் தம்பியைக்கூட “டேய், டேய்” என்றுதான் அழைத்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன் அத்தை வாசலில் நின்று மூன்று முறை தனத்தைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. நான்காவது முறையும் கூப்பிட்டாள். தனத்தின் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. பாத்திரம் ஒன்று உருண்ட சத்தமும் கேட்டது. பதில் மட்டும் வரவில்லை. அத்தை போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு அணைந்தது. அன்று அத்தை ஒருத்திதான் ஏரிக்கரை மேல் நடந்தாள். வேன் ஓட்டுகிற கோட்டையா எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், நல்ல மனிதர். ஒருத்திக்காகவும் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த நாள் அவளோடு ஏரியோரத்துப் பெண் ஒருத்தி போனாள். அதற்கடுத்த நாள் சனிக்கிழமை. அன்றும் இரண்டே பேர்.

“ஏமம்மா சரோஜா, ரெண்டு பேருக்கோசரம் வண்டி திருப்பாதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரும்மா” என்றிருக்கிறார் கோட்டையா. “திங்கக்கெழம ஒரு நாளு பாக்கறேன். அன்னிக்கும் இதே கதன்னா நேராப் பூடுவேன். அப்பால என்னத் திட்டாத.”

இது நைனாவின் காதுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவர் அம்மாவிடம், அத்தைக்குக் கேட்கும்படியே, “திங்கக்கெழம வேன் வரலன்னா பெரியபாளையத்துக்கு ஆள் அனுப்பிடு” என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அத்தை எதிர்த்துப் பேசியிருப்பாள். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அத்தை தட்டில் கை கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை அடிபம்பில் பெண்கள் எல்லோரும் துணி துவைக்கக் கூடினார்கள். நான் குடத்தோடு போயிருந்தேன். அன்று நடந்த பேச்சு எனக்கு இன்னும் வரி வரியாக நினைவிருக்கிறது.

“உங்களுக்கெல்லாம் இன்னாடி வந்துது?” என்று அத்தைதான் ஆரம்பித்தாள். “தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கினு கீறேன், உள்ள ஒக்காந்துக்கினு விளக்க அணைக்கிறீங்க.”

“கூப்புட்டது நீயா, அதுவான்னு எங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?” என்றாள் தனம்.

“என் கொரலு தெரியாதாடி ஒனக்கு?”

“படத்துல பெத்த அம்மா கொரல்லயே கூப்புட்டுச்சே! ஒங்கொரலு அதுக்கு இன்னா கஷ்டம்?”

“செரி, வந்து கதவத் தட்டுனேனே, அதுக்கின்னா?”

“ஐய, கொளம்பால தட்டுச்சே, பாக்கல நீ?”

“நான் செலுவ போட்டுக்கினுதாங்க்கா படுக்கிறேன்” என்றாள் மேரி, சோப்பு நுரைக்கு நடுவிலிருந்து. “எழுந்துர்றேன், தல வாரிர்றேன், டப்பா கூடக் கட்டிர்றேன். எம்பேரக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்குது.”

“நாளைக்கு எல்லாரும் போயி நின்னாத்தான் வேன் உண்டு, தெரியுமா? பேரும் சொல்லக் கூடாது, கதவும் தட்டக் கூடாது. அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற? எரும மாரி கத்தட்டுமா?”

“கத்துக்கா” என்றாள் மேரி. “எருமைய யாரு புதுசா எருமையா மாத்தப் போறா?”

பம்படியே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. பிழிந்துகொண்டிருந்த புடவையை அப்படியே கல்லின் மேல் வைத்துவிட்டு, “இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு” என்றாள். மேரி பயந்துபோய்ச் சொன்னாள். அத்தை படத்தை மனதுக்குள் ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

“அந்தக் கொரலு மனுசங்களத்தான்டி கூப்புட்டுச்சு. ஆடா மாறுனவன அப்பால ஒரு தபா கூப்புட்டுச்சா? கழுதையா மாறுனவள கூப்புட்டுச்சா? அதுக்கு மிருகத்தாண்ட வேலையே இல்ல. நாம மொதல்லயே மாறிட்டா அது இன்னா பண்ணும்?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பயத்துக்கு அதன் சொந்த விதிகளைக் கொண்டே அத்தை பதில் சொல்லிவிட்டாள். படம் பொய் என்று அவள் வாதாடியிருந்தால் ஒருத்தியும் அசைந்திருக்க மாட்டாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. படத்தை முழுதாக நம்பியவளைப் போலத்தான் அவள் பேசினாள். உண்மையிலேயே அவளும் நம்பியிருந்தாளா என்று நான் பிறகு பல முறை கேட்டிருக்கிறேன். நேரான பதில் கிடைத்ததில்லை.

பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு மிருகம் என்று முடிவானது. ஒருத்தி தன் மிருகத்தின் குரலில் கத்தினால் அடுத்தவள் தன்னுடைய குரலில் பதில் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு அதற்கடுத்தவள். எல்லோரும் முதலில் குயில் வேண்டும் என்றார்கள்.

“குயிலு மார்கழில கூவுமாடி? வேற சொல்லு.”

“அப்ப சேவலு.”

“தெருவுல ஏழெட்டு சேவலு கீது. எது நீ, எது கோழின்னு நான் எங்கப் போயி கண்டுபுடிக்கிறது? நம்ம தெருவுல இல்லாத மிருகமாப் பாத்து சொல்லுங்க.”

அதுவும் விதியாயிற்று. தனம் குதிரை என்றாள். இன்னொருத்தி யானை. ஒருத்தி குரங்கு, ஒருத்தி புலி. ஒட்டகம் எப்படிக் கத்தும் என்று யாருக்கும் தெரியாததால், ஒட்டகம் கேட்ட பெண் எப்படி வேண்டுமானாலும் கத்தலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். மேரி சிங்கம் என்றாள். தெருவிலேயே மெலிந்தவள் அவள்தான்.

“இந்த ஒடம்புல சிங்கமா?” என்றாள் தனம். “கொசுன்னு சொல்லு, நம்புறேன்.”

“கொசு நம்ம தெருவுல நெறைய கீதுக்கா, அதான் வேணான்னுட்டேன்” என்றாள் மேரி.

அத்தை நரி. சவுக்குத் தோப்பில் அப்போது நிஜமாகவே நரிகள் உண்டு, ஆனால் தெருவுக்குள் வராது. விதிக்கு அது பொருந்தியது.

திங்கட்கிழமை எழுந்த பனியைப் போல ஒரு பனியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் வாசலிலிருந்து எதிர்வீட்டு வேப்பமரம் தெரியவில்லை. ஆலைப் புகையும் பனியும் சேர்ந்து, மூச்சு விட்டால் தொண்டையில் கரித்தது. அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். நைனா கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டாள். நான் போர்வைக்குள் காதை மட்டும் வெளியே வைத்திருந்தேன்.

ஊளை எழுந்தது. அத்தையிடம் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கீழேயிருந்து தொடங்கி மேலே ஏறி, ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. தெருவிலிருந்த அத்தனை நாய்களும் ஒரே நேரத்தில் குரைத்தன. அதற்கு அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அத்தை மறுபடி ஊளையிட்டாள். மறுபடி நாய்கள், மறுபடி அமைதி. நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன்.

அப்போது தனத்தின் வீட்டிலிருந்து ஒரு குதிரை கனைத்தது. பாதியில் இருமிவிட்டு, மறுபடி கனைத்தது. அதன் வால் பிடித்தாற்போலச் சிங்கம் கர்ஜித்தது. நான் சொல்வதை நம்ப வேண்டும், அந்த மெலிந்த உடம்பிலிருந்து வந்த கர்ஜனையில் எங்கள் வீட்டுத் தகரக் கதவு அதிர்ந்தது. பிறகு யானை, பிறகு குரங்கு, பிறகு எதுவென்றே சொல்ல முடியாத ஒன்று, அது ஒட்டகம். தெரு நெடுக மிருகங்கள் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு ஏரிக்கரை வரை போயின. கதவுகள் திறக்கிற சத்தமும், அதட்டுகிற அம்மாக்களின் குரலும், அடக்க முடியாத சிரிப்பும் அவற்றோடு சேர்ந்தன. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். பனிக்குள் தலையும் தோளும் ஒன்றாகிப்போன உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எது யார் என்று தெரியவில்லை. ஒன்று என்னைத் தாண்டும்போது என் முகத்துக்கு நேராகக் குனிந்து உறுமிவிட்டுப் போனது. நான்கு நாளாக இருட்டில் தண்ணீர் குடிக்கக்கூட எழாத எனக்கு அப்போது கொஞ்சமும் பயம் இல்லை. கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன்.

உள்ளே நைனா அம்மாவிடம், “உன் நாத்தனா நரியாயிட்டா” என்றார்.

“ஆவட்டும்” என்றாள் அம்மா. “நரியப் பொண்ணு பாக்க எவன் வரான் பாக்கலாம்.”

திருப்பத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னதில், எல்லோரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன். ஏரிக்கரை மேல் ஏறியதும் அவர்களுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கூப்பாடு முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. ஊளையும் கனைப்பும் கர்ஜனையுமாகச் சவுக்குத் தோப்பைக் கடந்தார்கள். திருப்பத்தில் கோட்டையா வேனை நிறுத்திக் காத்திருந்தார். சனிக்கிழமை இரவுதான் அவரும் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து அந்தப் படத்தைப் பார்த்திருந்தார் என்பது இவர்களுக்குத் தெரியாது. பனிக்குள்ளிருந்து ஒரு காடே கத்திக்கொண்டு தன்னை நோக்கி வருவதைக் கேட்டவர், கண்ணாடியை ஏற்றிக் கதவைத் தாழிட்டு, வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அத்தை ஓடினாள். டப்பாவைக் கீழே போட்டுவிட்டு, நகர ஆரம்பித்த வேனுக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விளக்குகளின் மேல் வைத்து நின்றாள். “கோட்டையாண்ணே! கோட்டையாண்ணே! நான்தான்!” என்று கத்தினாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாராம். மூன்றாவது முறை அவர் பெயரைக் கூப்பிட வாய் திறந்தபோதுதான் அத்தைக்கு உறைத்தது. பனி, இருட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் ஓடி வந்தவர்கள் அங்கங்கே நின்றுவிட்டார்கள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பின்னுக்கு எடுத்து அவர் போய்விட்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

அத்தை குரலை இறக்கினாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, நிதானமாகச் சொன்னாள்:

“அண்ணே, நீ பதில் சொல்லவே வேணாம். வாயத் தெறக்காத. கதவ மட்டும் தெற.”

அவர் யோசித்தார். பதில் சொல்லாமல் கதவை மட்டும் திறந்தால் ஆபத்து என்று படத்தில் எங்கும் இல்லை. தாழை எடுத்தார். நரி ஏறியது, குதிரை ஏறியது, சிங்கம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறியது. கோட்டையா ஒவ்வொரு பெண்ணின் பாதத்தையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். கடைசிப் பெண் ஏறியதும் திரும்பி எண்ணினார். ஒருத்திகூடக் குறையவில்லை. கம்பெனி வாசல்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அங்கே வெளிச்சத்தில் இறக்கிவிட்ட பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். அந்தத் திட்டைக் கேட்டுக் காவலாளி சிரித்தார், சூப்பர்வைசர் சிரித்தார், மதியச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுவதும் சிரித்தது. ஆனால் எங்கள் திருப்பத்துக்கு வேன் வருவதை நிறுத்தும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

மார்கழி முழுவதும் எங்கள் தெரு அப்படித்தான் எழுந்தது. மேலத் தெருக்காரர்கள் கேலி செய்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களும் கம்பெனியில் சேர்ந்தபோது எங்களிடம் வந்து மிருகம் கேட்டார்கள். தை பிறந்து பெரியபாளையத்துக்காரர்கள் வந்தார்கள். பேச்சு அவர்கள் காதுவரை போயிருந்தது. “பொண்ணு காலங்காத்தால ஊள உடுதாமே?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

“ஆமா, வேலைக்குப் போறதுக்கோசரம் உடுது” என்றார் நைனா. “பர்மனன்ட் ஆவட்டும், அப்பால வாங்க. அப்பவும் வேலைக்குத்தான் போவும்.”

அவர்கள் திரும்ப வரவில்லை. யாரும் அதற்காக வருந்தவில்லை. மாசியில் பனி விலகியது. ஒரு நாள் அத்தை பழைய ஞாபகத்தில் “தனோய்” என்று கூப்பிட்டுவிட்டாள். தனமும் தூக்கக் கலக்கத்தில் “ஓய்” என்றுவிட்டாள். வேனில் ஏறிய பிறகுதான் இருவருக்கும் அது தெரிந்தது. அடுத்த வருடம் பத்துப் பேரும் பர்மனன்ட் ஆனார்கள். அத்தை தானே பார்த்து, மணவாள நகரிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஃபிட்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேலையை விடவில்லை. காயில் பிரிவுக்கே மேற்பார்வையாளராகி, அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றாள்.

டென்ட் கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கும் கிடங்கு. சவுக்குத் தோப்பு போய்விட்டது, நரிகளும் போய்விட்டன. திருப்பம் மேம்பாலத்துக்கு அடியில் எங்கோ இருக்கிறது. அந்தப் படத்தைப் பல வருடமாகத் தேடுகிறேன்; வெள்ளாட்டையும் சோற்றுப் பானையையும் சொன்னால், பார்த்ததாகச் சொல்பவர் எங்கள் தெருவுக்கு வெளியே ஒருவரும் இல்லை. எங்கள் தெருவிலிருந்து இன்று தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கும் மற்ற இடங்களுக்கும் நூற்றுக்கு மேல் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். பஸ் தெருவுக்குள்ளேயே வருகிறது. ஒரு ஹாரன், கழுத்தில் அட்டையும் காதில் பாட்டுமாக வந்து ஏறிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

சென்ற மாதம் அத்தை வந்திருந்தாள். விடியும் முன் வாசலில் வந்து என்னோடு நின்றாள். பஸ் எங்கள் வீட்டுக்கு நேராக வந்து நின்றது. புஸ்ஸென்று காற்று விடும் சத்தம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண் போலச் சிரித்தாள்.

“பாத்தியாடி, இப்ப கதவு தானாத் தெறக்குது.”